விலங்குகளில் குடற்புழுச் சோதனைகளின் துல்லியம்

குடற்புழுச் சோதனை என்பது ஆடு, மாடு, நாய், பூனை முதலிய விலங்குகளின் செரிமானப் பாதையில் வாழும் ஒட்டுண்ணிகளை, மலத்தில் வெளிவரும் முட்டை முதலிய தடயங்களைக் கொண்டு கண்டறிவதாகும். "புழு இல்லை" என்று வரும் முடிவு, பார்த்த அளவு மலத்தில் முட்டை தென்படவில்லை என்று மட்டுமே பொருள்படும்.

துல்லியத்தின் இரு அளவைகள்

ஒட்டுண்ணி உள்ள விலங்குகளில் எத்தனையைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது அதன் உணர்திறன். ஒட்டுண்ணி இல்லாதவற்றில் எத்தனையைச் சரியாக விலக்குகிறது என்பது அதன் தனித்திறன். மலச் சோதனைகளில் பெரும்பாலும் குறைவது உணர்திறனே.

மிதவை முறையும் படிவு முறையும்

மிதவை முறையில் மலத்தை அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்குவர். இலேசான முட்டைகள் மேலே மிதந்து வரும். உருளைப்புழு முட்டைகளுக்கு இது ஏற்றது. கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டைகள் கனமானவை. சாதாரண உப்புக் கரைசலில் மிதப்பதில்லை. அவற்றைக் காண அடியில் தங்கும் வண்டலைப் பார்க்கும் படிவு முறை வேண்டும். நாடாப்புழுக்கள் பல முட்டைகளைத் துண்டுகளுக்குள் அடக்கியே வெளியேற்றுவதால், மிதவை முறையில் அவை தவறிவிடலாம்.

மக்மாஸ்டர் எண்ணிக்கை முறை

ஆஸ்திரேலியாவில் உருவாகி 1939இல் வெளியிடப்பட்ட இம்முறை, ஒரு கிராம் மலத்தில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறது. 4 கிராம் மலத்தைக் கரைசலுடன் சேர்த்து 60 மில்லிலிட்டர் ஆக்கி, அதில் 0.3 மில்லிலிட்டரை மட்டும் நுண்ணோக்கியில் எண்ணினால், உண்மையில் பார்க்கப்படுவது 0.02 கிராம் மலமே. எனவே கண்ட ஒவ்வொரு முட்டையும் கிராமுக்கு 50 எனக் கணக்காகும். உண்மையான அளவு கிராமுக்கு 50 முட்டைகளாக இருந்து, அவை சீராகக் கலந்திருந்தாலும், 100 முறை சோதித்தால் சுமார் 37 முறை ஒரு முட்டைகூடத் தென்படாது. 50, 100 போன்ற சிறிய எண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ளக் கூடாது என்பதும் இதனால் விளங்கும்.

தவறான முடிவுகள் வரக் காரணங்கள்

- இளம்புழுக்கள் முட்டையிடுவதில்லை. ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் ஹீமாங்கஸ் புழு முட்டையிட ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஆனால் அதற்கு முன்பே இரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும்.
- முட்டை எண்ணிக்கை புழு எண்ணிக்கை ஆகாது. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளொன்றுக்குப் பல ஆயிரம் முட்டைகள் இடும். டிரைகோஸ்டிராங்கைலஸ் சில நூறு மட்டுமே இடும். இவ்விரண்டின் முட்டைகளையும் பார்வையால் பிரித்தறிவது கடினம்.
- ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் விட்டுவிட்டே வெளியேறுகின்றன. ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் வரை பார்ப்பது வழக்கம்.
- ஆட்டுப் புழுக்கையைத் தின்ற நாயின் மலத்தில் ஆட்டுக்குரிய ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளிவரலாம். மகரந்தத் துகளும் காற்றுக் குமிழியும் முட்டையெனத் தோன்றலாம்.
- தரையில் கிடந்த பழைய மலத்தில் முட்டைகள் பொரிந்தோ சிதைந்தோ போயிருக்கும். புதிய மாதிரியைக் காற்றுப் புகாத உறையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தனுப்ப வேண்டும்.

மருந்தின் பயனை அறிதல்

குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதற்கு முன்னும், கொடுத்து இரண்டு வாரம் கழித்தும் முட்டைகளை எண்ணி ஒப்பிடுவர். செம்மறி, வெள்ளாடுகளில் குறைவு 95 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் மருந்து எதிர்ப்பு உள்ளதென ஐயுறலாம். தொடக்க எண்ணிக்கையே மிகக் குறைவாக இருந்தால் இந்த ஒப்பீடு நம்பத்தக்கதன்று. நல்ல மருந்தைப் பயனற்றதென ஒதுக்கவும், பயனற்றதைத் தொடர்ந்து கொடுக்கவும் இது வழிவகுக்கும்.

பிற சோதனைகள்

மலத்தில் ஒட்டுண்ணியின் புரதத்தைக் கண்டறியும் எலிசா சோதனை, முட்டையிடாத நிலையிலும் சில புழுக்களைக் காட்டும். பிசிஆர் சோதனை இனத்தைப் பிரித்தறிய உதவும். ஆனால் இறந்த ஒட்டுண்ணியின் மரபுப்பொருளையும் காட்டக்கூடும்.

ஆகவே சோதனை முடிவை விலங்கின் வயது, உடல்நிலை, பருவம் ஆகியவற்றுடன் சேர்த்தே படிக்க வேண்டும். கீழிமையின் உட்புறம் வெளிறி, தாடைக்கடியில் வீக்கத்துடன் நிற்கும் ஆட்டை, முட்டை தென்படவில்லை என்பதற்காகச் சிகிச்சையின்றி விடுவது அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.