குப்பை மின்னஞ்சல்: சட்டத்தின் கை எட்டும் தூரம்

கேட்காமலே வந்து குவியும் விளம்பர மின்னஞ்சலை இலங்கைச் சட்டம் நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அத்துமீறி உள்நுழைவதையும் தரவைக் களவாடுவதையும் குற்றமாக்கியது; குப்பை அஞ்சலுக்கென்று அதில் தனி ஏற்பாடு இல்லை. அந்த இடைவெளியை அடைக்க வந்தது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பெறுபவர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால் மட்டுமே தபால், தொலைபேசி, மின்னஞ்சல் வழியாக விளம்பரச் செய்தி அனுப்பலாம் என்கிறது அதன் நான்காம் பகுதி. கட்டணமின்றி விலகிக்கொள்ளும் வழியையும் அனுப்புபவரே காட்ட வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரைக்கு இணங்காதவருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விழலாம்.

எழுத்தளவில் இது அமெரிக்கச் சட்டத்தை விடக் கண்டிப்பானது. 2003 இல் நிறைவேறி 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘கேன்-ஸ்பாம்’ சட்டம் முன்சம்மதம் கேட்கவில்லை. யாருக்கும் அனுப்பலாம், அவர் வேண்டாம் என்றால் நிறுத்தினால் போதும். கலிபோர்னியா மாநிலம் இயற்றிய கடுமையான சட்டத்தை அது நடைமுறைக்கு வருமுன்பே முடக்கியதும் இந்தச் சட்டந்தான். விலகும் பொறுப்பைப் பெறுபவரிடம் விடுவதில் ஆபத்தும் உண்டு: மோசடிக்காரன் அனுப்பிய அஞ்சலில் ‘விலகு’ என்பதைத் தட்டினால், அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற தகவல்தான் அவனுக்குப் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டுப் பணிப்புரையும் அவுஸ்திரேலியாவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் சம்மதத்தை முதலில் வைத்தன. இலங்கை அந்த வரிசையில் சேர்ந்தது நல்ல தெரிவு.

ஆனால் அதிகாரசபை 2023 இல் உருவான பின்னரும் சட்டம் முழு உயிர் பெறவில்லை. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முதன்மையான பகுதிகள், திருத்தம் தேவை என்ற காரணத்தால் பின்தள்ளப்பட்டன.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருப்பவர்களுக்கு வரும் வேண்டாத செய்திகளைப் பார்த்தால், சட்டம் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது விளங்கும். எழுவான்கரையில் காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு கடையில், லீசிங் கம்பனியில், ரியூசன் வகுப்பில் படிவம் நிரப்பும்போது தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. கொடுத்தவர் அதை மறந்துவிடுவார், வாங்கியவர் மறப்பதில்லை. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் மின்னஞ்சலின் இடத்தில் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும். இப்படி அனுப்புகிறவருக்குப் பெயர்ப்பலகை உண்டு, வியாபாரப் பதிவு உண்டு, தண்டம் கட்டப் பணமும் உண்டு. சட்டம் செய்யப்பட்டது இவருக்காகத்தான். ஒரு கம்பனி தண்டம் கட்டினால் பத்துக் கம்பனிகள் தங்கள் முகவரிப் பட்டியலைத் திருத்திக்கொள்ளும்.

இன்னொரு வகை, கனடா விசா, வெளிநாட்டு லொத்தர், வங்கியின் பெயரில் வரும் போலிக் கடிதம். வெளிநாட்டு உழைப்பை நம்பியிருக்கும் மாவட்டத்தில் இத்தகைய தூண்டில் எளிதாக எடுபடும். இணையத்தில் முதலில் பெரும் கோபத்தைக் கிளப்பிய வணிகக் குப்பையும், அமெரிக்கக் குடியேற்ற லொத்தருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதாக அரிசோனா வழக்கறிஞர் இருவர் 1994 இல் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களெங்கும் போட்ட விளம்பரந்தான். அவர்கள் சொந்தப் பெயரில் போட்டார்கள். இன்றைய மோசடிக்காரனுக்குப் பெயரில்லை. சேவையகம் ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில், அஞ்சலைக் கக்குவது மூன்றாம் நாட்டில் யாரோ ஒருவரின் வைரஸ் தொற்றிய கணினி. ஒரு கோடி ரூபாய்த் தண்டத்தை இவர்களில் யாரிடம் அறவிடுவது?

இப்படி மறைந்திருந்து அனுப்புவோருக்கு உறைத்த அடிகள் பெரும்பாலும் சட்டமன்றங்களுக்கு வெளியிலிருந்தே விழுந்தன. 2008 நவம்பரில் கலிபோர்னியாவின் மெக்கோலோ என்ற சேவையக நிறுவனத்துக்கு இணைப்பு வழங்கியவர்கள், ஒரு செய்தியாளர் திரட்டிய ஆதாரங்களைப் பார்த்து அதைத் துண்டித்தார்கள். நீதிமன்றக் கட்டளை எதுவும் இல்லாமலே உலகக் குப்பை அஞ்சலில் பாதிக்கு மேல் ஒரே நாளில் மறைந்தது. சில மாதங்களில் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குப்பை அஞ்சல் வலையமைப்புக்குள் புகுந்து பார்த்தபோது, சுமார் 35 கோடி அஞ்சல்களுக்கு 28 விற்பனைதான் நடந்திருந்தது. அனுப்பும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் அதுவே போதுமாக இருந்தது. 2011 இல் வந்த இன்னோர் ஆய்வு, இத்தகைய விற்பனைப் பணத்தில் நூற்றுக்கு 95 பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போவதாகக் காட்டியது. அனுப்புபவனைத் துரத்துவதைவிட அவனுக்குப் பணம் வரும் வாசலை அடைப்பது மலிவு.

மற்றப் பாதிச் சுமையை வடிகட்டிகள் தாங்குகின்றன. 2004 இல் பில் கேட்ஸ் இரண்டே ஆண்டுகளில் குப்பை அஞ்சல் ஒழியும் என்றார். ஒழியவில்லை, ஆனால் பெரும்பகுதி கண்ணில் படாமல் போயிற்று. 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோர் தம் அடையாளத்தைத் தொழில்நுட்ப முறையில் நிரூபிக்க வேண்டும், ஒரே தட்டலில் விலக விட வேண்டும் என்று கட்டாயமாக்கின. எந்தப் பாராளுமன்றமும் வாக்களிக்காத இந்த விதி பல சட்டங்களை விட வேகமாக நடைமுறைக்கு வந்தது. தனியார் கம்பனி இரண்டு உலகத்தின் தபால்காரராக இருப்பது அவ்வளவு நிம்மதியான விஷயமல்ல என்பது வேறு. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் இன்னும் புழங்கும் பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம், கணினிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். வடிகட்டி அதைச் சந்தேகித்தால் குற்றம் சொல்ல முடியாது.

சட்டத்தை அகலமாக எழுதினால் அது வேறு ஆளைப் பிடிக்கும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டவும் அனுப்புநர் யாரென்று ஏமாற்றவும் அனுப்பப்படும் மின்னஞ்சலையும் தண்டித்தது. நடைமுறையில் முகநூல் பதிவுகளுக்காக ஆட்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் குப்பை அஞ்சல் சட்டம் ஒன்று, பெயர் மறைத்துக் கருத்துச் சொல்லும் உரிமையையும் தொடுகிறது என்று 2008 இல் செல்லாமல் போயிற்று. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி இலங்கை ஊடகவியலாளர்கள் எழுப்பிய அச்சமும் இதே வகையானது.

ஆகவே இலங்கைக்குப் புதிய குப்பை அஞ்சல் சட்டம் ஒன்று தேவையில்லை. 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பகுதி, விற்பனைச் செய்தி என்ற எல்லையைத் தாண்டாமல் இயங்கத் தொடங்கினாலே உள்ளூர்க் கம்பனிகளின் தொல்லை குறையும். அதற்கு முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர் பயணம் செய்யாமல் மட்டக்களப்பிலேயே ஒப்படைக்கவும் வழி வேண்டும். வெளிநாட்டு மோசடியைப் பொறுத்தவரை பொறுப்பு வங்கிகளிடமும் அஞ்சல் சேவை நிறுவனங்களிடமும் இருக்கிறது.