கயானாவில் எக்சான்மொபில்

எக்சான்மொபில் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனம், தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா நாட்டின் ஆழ்கடலில் 2019 டிசம்பர் முதல் கச்சா எண்ணெய் எடுத்து வருகிறது. சுமார் எட்டு இலட்சம் மக்களே வாழும் இந்நாடு அதுவரை தங்கம், அரிசி, சர்க்கரை, பாக்சைட் ஆகியவற்றின் ஏற்றுமதியையே நம்பியிருந்தது.

கண்டுபிடிப்பு

ஸ்டேப்ரூக் எனப்படும் கடற்பகுதிக்கான ஒப்பந்தம் 1999இல் கையெழுத்தானது. சுரினாமுடனான கடல் எல்லைத் தகராறு 2007இல் தீரும்வரை பணிகள் முடங்கின. பங்காளியாக இருந்த ஷெல் நிறுவனம் 2014இல் விலகியது. மறு ஆண்டு மே மாதத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் துளையிடப்பட்ட லிசா கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. அங்கு கடலின் ஆழம் சுமார் 1,740 மீட்டர். இப்பகுதியின் வயல்களுக்கு மீன்களின் பெயர்களே பெரும்பாலும் சூட்டப்பட்டுள்ளன.

எக்சான்மொபில் 45 விழுக்காட்டுப் பங்குடன் பணிகளை நடத்துகிறது. ஹெஸ் நிறுவனத்தின் 30 விழுக்காடு 2025இல் செவ்ரான் வசமானது. எஞ்சிய 25 விழுக்காடு சீன நிறுவனமான சிநூக்கிடம் உள்ளது.

எண்ணெய் எடுக்கும் முறை

இவ்வளவு ஆழத்தில் தூண்களை நட்டு மேடை அமைப்பது இயலாது. எனவே கிணற்று வாய்கள் கடலடியிலேயே அமைக்கப்பட்டு, குழாய்கள் வழியாக எண்ணெய் மிதக்கும் உற்பத்திக் கப்பலுக்கு ஏற்றப்படுகிறது. அங்கு நீரும் எரிவாயுவும் பிரிக்கப்பட்டு, எண்ணெய் சேமிக்கப்படுகிறது. பிறகு ஏற்றுமதிக் கப்பல்களுக்கு மாற்றப்படுகிறது. இத்தகைய நான்காவது கப்பல் 2025 ஆகஸ்டில் உற்பத்தியைத் தொடங்கியது.

எரிவாயுவின் பெரும்பகுதி நிலத்தடிப் பாறைக்குள் மீண்டும் செலுத்தப்படுகிறது. இது பாறையின் அழுத்தத்தைக் காத்து, கூடுதல் எண்ணெய் வெளிவர உதவும். முதற்கப்பலின் வாயு அமுக்கி பழுதானதால் பெருமளவு எரிவாயு எரித்து வீணாக்கப்பட்டது. 2021இல் அரசு இதற்குக் கட்டணம் விதித்தது.

ஒப்பந்தமும் சர்ச்சையும்

2016இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் 2017 டிசம்பரில்தான் மக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது. அதன் கணக்கை 100 பீப்பாய்களைக் கொண்டு விளக்கலாம். அவற்றில் 75 பீப்பாய் வரை நிறுவனங்கள் தம் செலவை ஈடுசெய்ய எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய 25 பீப்பாய் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். இதன்படி அரசுக்கு 12.5 பீப்பாயும், உரிமத்தொகையாக 2 பீப்பாய்க்கு ஈடான தொகையும், ஆக 14.5 பீப்பாய் சேரும். நிறுவனங்களின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து செலுத்தியதாகக் கணக்கிடப்படுகிறது.

செலவு முழுவதும் ஈடானபின் அரசின் பங்கு உயரும் என்பது உண்மையே. ஆனால் ஒரு வயலின் செலவை மற்றொரு வயலின் வருவாயிலிருந்து எடுக்க ஒப்பந்தம் இடமளிக்கிறது. புதிய வயல்கள் தொடங்கப்படும்போது அந்த நாள் தள்ளிப்போகும். 2023இல் வேறு பகுதிகளுக்காக வகுக்கப்பட்ட மாதிரி ஒப்பந்தத்தில் உரிமத்தொகை 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்று கூறி, ஸ்டேப்ரூக் ஒப்பந்தத்தை மாற்ற அரசு மறுத்துவிட்டது.

எல்லைத் தகராறு

கயானாவின் மூன்றில் இரண்டு பங்கான எசெகிபோ நிலப்பகுதிக்கு வெனிசுவேலா உரிமை கோருகிறது. அந்நிலத்தை ஒட்டிய கடலும் இதனால் சர்ச்சைக்குள்ளாகிறது. கயானா இவ்வழக்கை 2018இல் பன்னாட்டு நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றது. 2025 மார்ச்சில் வெனிசுவேலாவின் கடலோரக் காவல் கப்பல் ஒன்று உற்பத்திக் கப்பல்களில் ஒன்றை நெருங்கி வந்ததற்குக் கயானா கண்டனம் தெரிவித்தது.