குழாயில் ஓடும் தமிழ்

லினக்ஸ் கணினியில் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, "தமிழ்" என்ற சொல்லை எண்ணிச் சொல்லும்படி கேட்டேன். 16 என்றது. ஒரே ஓர் எழுத்தை மாற்றித் திரும்பவும் கேட்டபோது 6 என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் விரல் மடக்கி 3 என்று சொல்லிவிடும்: த, மி, ழ்.

கணினி தப்பாக எண்ணவில்லை. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று அதன் கணக்கில் இந்தச் சொல்லுக்கு 5 குறிகள். குறி ஒன்றுக்கு 3 பைட், ஆக 15. கடைசியில் வரி முடிந்தது என்பதற்கு 1. அந்த வரிமுடிவையும் ஒரு குறியாகச் சேர்த்தால் இரண்டாவது விடையான 6 வந்துவிடும்.

எண்ணிச் சொன்ன நிரலின் பெயர் டபிள்யூசி. எண்ணுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971 நவம்பரில் வெளியான முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. இன்று லினக்ஸில் ஓடுவது பிற்பாடு வேறு ஆட்கள் புதிதாக எழுதியது என்றாலும் பெயரும் வேலையும் அதேதான். ஆங்கிலம் ஒன்றையே மனத்தில் வைத்து அமெரிக்காவில் சிலர் செய்த கருவி, அவர்கள் பார்த்தேயிராத ஓர் எழுத்தை இன்றைக்குத் தடுமாறாமல் விழுங்குகிறது. எப்படி என்று துருவிக்கொண்டு போனால் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

அங்கேதான் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969 முதல் யுனிக்ஸை உருவாக்கினார்கள். கணினியோடு பேச அவர்களுக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சு எந்திரம். நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், விசைகளை அழுத்தினால் விரல் வலிக்கும். நகல் எடுக்க 'சிபி', இடம் மாற்ற 'எம்வி', அழிக்க 'ஆர்எம்', பட்டியல் பார்க்க 'எல்எஸ்' என்று பெயர்களெல்லாம் இரண்டெழுத்தில் சுருங்கிக் கிடப்பதற்கு அந்த எந்திரமும் ஒரு காரணம். வேலை ஒழுங்காக முடிந்தால் இந்த நிரல்கள் ஒரு வார்த்தை பேசாது. புதிதாக வருபவர்கள் திரை சும்மா இருப்பதைப் பார்த்து மிரண்டு, அதே கட்டளையை இன்னொரு முறை அடிப்பார்கள்.

அந்த ஆய்வகத்தில் டக் மக்கில்ராய் என்ற கணித அறிஞர் இருந்தார். யுனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1964-இல், அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் எட்டாவிட்டால் இன்னொரு துண்டைத் திருகிச் சேர்க்கிறோமே, அதுபோல நிரலோடு நிரலைச் சேர்க்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். பார்ப்பவரிடமெல்லாம் வருஷக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். 1973-இல் ஒருநாள் தாம்சன் மனம் வைத்தார். ஒரே இரவில் குழாயை இயங்குதளத்துக்குள் கட்டி, கோப்புப் பெயர் கொடுத்தால்தான் வேலை செய்வோம் என்று இருந்த நிரல்களைக் குழாயில் வருவதையும் வாங்கிக்கொள்ளும்படி திருத்திவிட்டார். மறுநாள் ஆய்வகத்தில் ஆளாளுக்கு ஒற்றை வரியில் நிரல்களைக் கோத்து விளையாடியதைப் பின்னாளில் மக்கில்ராய் ஆசையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

விசைப்பலகையில் என்டர் விசைக்கு மேலே பெரும்பாலும் சும்மா கிடக்கும் செங்குத்துக் கோடுதான் அந்தக் குழாய்.

இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கோத்த நிரல்கள் ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று ஓடுவதில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. இடையில் இருக்கும் குழாய் ஒரு சின்னத் தொட்டி. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். தொட்டி நிரம்பினால் மேலே ஊற்றுபவர் நிறுத்தப்படுவார், காலியானால் கீழே மொள்ளுபவர் காத்திருப்பார். யாருக்கு யார் காத்திருப்பது என்பதை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது, நிரல்களுக்கு அது தெரியவே தெரியாது. 'யெஸ்' என்று ஒரு நிரல் இருக்கிறது. விட்டால் ஆயுள் முழுக்க 'ஒய்' என்ற எழுத்தை வரி வரியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை, முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் 'ஹெட்' என்ற நிரலோடு இணைத்து மூன்று வரி போதும் என்று சொல்லுங்கள். ஹெட் மூன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். வாங்க ஆளில்லாத குழாயில் யெஸ் மறுபடி ஊற்றப் போகும்போது இயங்குதளம் அதன் கதையை முடித்துவிடும்.

குழாயால் வந்த தொல்லையும் உண்டு. பிழைச் செய்தியும் அதே குழாயில் போய்த் தொலைந்தது. ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்தில் விலை உயர்ந்த தாளைப் போட்டு ஓட்டினால், "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரி மட்டும் அழகாக அச்சாகி வந்தது. அதற்குப் பிறகுதான் பிழைகளுக்கென்று தனி வாய்க்கால் வெட்டினார்கள்.

குழாயின் பெருமையைச் சொல்ல எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1986-இல் நடந்த ஒரு சம்பவம். ஒரு நூலில் அதிகம் வரும் சொற்கள் எவை என்று கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதித் தரும்படி ஜான் பென்ட்லி என்பவர் தம் பத்திரிகைப் பத்திக்காக டொனால்டு நூத்திடம் கேட்டார். கணினியியலின் பேராசான் நூத். விளக்கமும் நிரலுமாகப் பல பக்கத்துக்கு ஒரு சிற்பத்தைச் செதுக்கிக் கொடுத்தார். மதிப்புரை எழுத அழைக்கப்பட்டவர் மக்கில்ராய். அவர் நுணுக்கங்களைப் பாராட்டிவிட்டு, இதே வேலைக்கு ஆறே கட்டளைகள் போதும் என்று குழாயில் கோத்துக் காட்டினார்.

முதலாவது, 'டிஆர்': எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரிமுடிவாக்கி, வரிக்கு ஒரு சொல் வைக்கும். இரண்டாவதும் டிஆர்தான், பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கும். மூன்றாவது 'சார்ட்', அகரவரிசையில் அடுக்கும். நான்காவது 'யூனிக்', ஒன்றுபோல் வரும் வரிகளை எண்ணும். அதற்குப் பக்கத்து வரியைத் தவிர எதுவும் கண்ணில் படாது. அதனால்தான் அதற்கு முன்னால் அடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது, எண்ணிக்கைப்படி தலைகீழாக அடுக்க மீண்டும் சார்ட். ஆறாவது 'செட்', வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தும்.

நூத் தோற்றார் என்று இதைச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. நிரலைக் கட்டுரைபோல் எழுதும் முறையைக் காட்டுவதற்குத்தான் அவரை அழைத்தார்கள். குறுக்கு வழி கேட்டு அல்ல. ஆனாலும் அந்த ஆறு வரி ஆசையைக் கிளப்புகிறது. ஒரு தமிழ் நாவலின் கோப்பை எடுத்து அப்படியே அதில் விட்டேன். வந்தது ஒரே ஒரு வெற்று வரியும் அதன் எண்ணிக்கையும்.

காரணம் முதல் கட்டளையிலேயே இருக்கிறது. அது எழுத்து என்று ஏற்பது ஆங்கிலத்தின் 26-ஐ மட்டுமே. மற்றதெல்லாம் குப்பை. ஒரு நாவல் முழுவதும் வரிமுடிவாகிக் கரைந்துபோயிற்று.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஏன் என்பதற்கு மறுபடி தாம்சனிடம்தான் போக வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியலான யுனிகோடு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்து ஒன்றுக்கு இரண்டு பைட் என்று அப்படியே எழுதினால் பழைய நிரல்கள் பைத்தியம் பிடித்து அலையும். குஜராத்தி எழுத்துகளின் முதல் பைட் 10 என்று வரும். யுனிக்ஸில் 10 என்றால் வரிமுடிவு. எழுத்துக்கு எழுத்து வரி உடையும். ஆங்கிலத்தின் முதல் பைட்டோ 0. சி என்னும் நிரல்மொழியில் அது எழுத்துத் தொடரின் முடிவு. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் தாம்சன் ஒரு வழியைக் கிறுக்கினார். அதுதான் யுடிஎஃப்-8. ஆங்கிலம் பழையபடியே ஒரு பைட், 128-க்குக் கீழே. மற்ற மொழி எழுத்துகளின் எந்த பைட்டும் 128-க்குக் கீழே இறங்காது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224 என்ற பைட்டில் தொடங்கி மூன்றாக வருகிறது. ஆகவே தமிழ்ச் சொல்லுக்கு நடுவே வெற்றிடமோ வரிமுடிவோ போல வேடமிட்டு எதுவும் ஒளிந்திருக்க முடியாது. குழாயில் ஓடுவது எந்த மொழி என்றே தெரியாமல் பழைய நிரல்கள் அதைக் கடத்திவிடலாம்.

முழுதும் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. பைட் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் 'மனம்' முன்னால் வந்து 'மரம்' பின்னால் போகும். யுனிகோடு பட்டியலில் னகரம் நம் நெடுங்கணக்கின் கடைசியில் இல்லை, தேவநாகரி அடுக்கைப் பின்பற்றி நகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரியைத் திருப்பிப்போடும் 'ரெவ்' என்ற நிரலிடம் 'தமிழ்' என்று கொடுத்தால், ஒண்ட இடமில்லாத ஒரு புள்ளி முதலில் வந்து நிற்கும், பின்னாலேயே 'ழிமத' வரும். இகரக் கொக்கி மகரத்தை விட்டுவிட்டு ழகரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மக்கில்ராயின் கட்டளைகளுக்கு வருவோம். எவை எழுத்து என்று சொல்வதை விட்டு, எவை எழுத்தில்லை என்று சொன்னேன்: வெற்றிடம், முற்றுப்புள்ளி, காற்புள்ளி ஆகியவற்றை வரிமுடிவாக்கு. எல்லாமே 128-க்குக் கீழே உள்ளவை, தமிழைத் தொடாது. சொற்கள் ஒழுங்காக உதிர்ந்து வந்தன. 'மரம்' ஒரு கணக்கில், 'மரத்தில்' வேறு கணக்கில் ஏறியதை மன்னித்துவிடலாம், இலக்கணம் அதன் வேலையில்லை. பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கும் இரண்டாவது கட்டளையை எடுத்துவிட்டேன். நமக்கு அந்தப் பேதம் கிடையாது. ஐந்திலேயே முடிந்துவிட்டது.