அதே தபால்பெட்டி, 400 முறை

2025 டிசம்பரில் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டு திடீரென்று இளைத்துவிட்டது. அதுவரை ஏறக்குறைய 154 ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, புதிய பதிப்பில் 23 ஜிபிக்குள் அடங்கியது. அதில் வரும் துப்பாக்கிகளில் ஒன்றும் குறையவில்லை, பூச்சிப் படையில் ஒரு பூச்சியும் குறையவில்லை. அப்படியானால் மீதி 131 ஜிபியில் என்னதான் இருந்தது?

அதே விளையாட்டுதான் இருந்தது. ஒரே கோப்புகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் விளையாடுபவர்கள் காத்துக்கிடக்கக் கூடாதே என்ற கரிசனத்தில் செய்த காரியம் அது.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. கிராமபோன் முள்ளைப் போன்ற ஒரு கை, தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதந்தபடி படிக்கிறது. வேண்டிய தடத்துக்கு முள் நகர எட்டு, ஒன்பது மில்லி விநாடி ஆகும். தேடும் தகவல் சுழன்று முள்ளுக்கடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது இன்னும் நான்கு மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் துணுக்குகளை விநாடிக்கு எண்பதுக்கு மேல் பொறுக்க முடியாது. வரிசையாக வைத்தால் விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் வாரிக் கொடுக்கும் அதே டிஸ்க், 4 கேபி துணுக்குகளாகச் சிதறினால் அரை எம்பிகூடத் தேறாது.

அதனால் முள் அலையாமல் இருக்க, ஒவ்வொரு இடத்துக்கும் வேண்டியதையெல்லாம் அந்தந்த இடத்திலேயே ஒரு நகல் போட்டுவிடுவது விளையாட்டு எழுதுபவர்களின் பழைய உத்தி. பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் ஸ்பைடர்மேன் விளையாட்டை உதாரணம் காட்டினார். அதில் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில சில்லறைப் பொருள்களின் தரவு டிஸ்க்கில் 400 முறை இருந்ததாம்.

எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்தது அது. நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்துத் தகவலைக் காக்கிறது. எந்த மூலையில் இருக்கும் தகவலானாலும் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கு மேல் விரைவு. கணினிக்குச் செலவழிக்கும் பணத்தில் இவ்வளவு கண்கூடான பலன் தரும் மாற்றம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்டு போன்றவை எஸ்எஸ்டி இருந்தே தீர வேண்டும் என்று 2023-லேயே சொல்லிவிட்டன.

குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழைய சாட்டா வகை எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி தரும். பிசிஐஇ இணைப்பில் இயங்கும் புதிய என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500, நான்காம் தலைமுறை 7,000, ஐந்தாம் தலைமுறை 14,000. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் இதுதான். ஐந்தாம் தலைமுறையை வாங்கினால் விளையாட்டு இருபத்தைந்து மடங்கு சீக்கிரம் திறக்குமா? திறக்காது. சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் பெரும்பாலான விளையாட்டுகளில் சில விநாடிதான் வித்தியாசம். நான்காம், ஐந்தாம் தலைமுறைகளுக்கு இடையே கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

காரணம், டிரைவ் கொடுத்ததைப் பிராசஸர் பிரித்து விரித்து அடுக்க வேண்டியிருக்கிறது. ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டு திறக்க ஆறு நிமிடம்வரை ஆன காலம் உண்டு. 2021-ல் ஒரு ரசிகர் பொறுமையிழந்து உள்ளே நோண்டிப் பார்த்தார். 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலை விளையாட்டு கன்னாபின்னாவென்று படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மீதிப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சரிசெய்ததும் காத்திருப்பு 70 சதவீதம் குறைந்தது. அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் ஒத்துக்கொண்டு அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. எவ்வளவு விலையுயர்ந்த டிரைவை மாட்டியிருந்தாலும் அந்தத் தாமதம் தீர்ந்திருக்காது.

ஹெல்டைவர்ஸ் கதையும் இங்கேதான் முடிகிறது. நகல்களை எடுத்துவிட்டால் ஹார்டு டிஸ்க்காரர்கள் பல மடங்கு காத்திருக்க நேரிடும் என்று அதை உருவாக்கியவர்கள் பயந்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது கூடியது சில விநாடிதான். போர்க்களத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கவே பிராசஸருக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. டிஸ்க்கும் அதற்குள் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடுகிறது.

சரி, பெட்டியில் எதைப் பார்ப்பது? முதலில் கொள்ளளவு. பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது. 1 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

அடுத்து டிஎல்சியா, கியூஎல்சியா என்று கேளுங்கள். ஓர் அறையில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி. எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் நான்கு பிட், பதினாறு நிலைகள். மலிவு உண்டு. ஆனால் ஒரேயடியாக நூற்றுக்கணக்கான ஜிபி எழுதினால் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடக்கூடும். விண்டோஸ் இருக்கும் முதல் டிரைவுக்கு டிஎல்சி வாங்குங்கள். விளையாட்டுகளை மட்டும் போட்டுவைக்க கியூஎல்சி போதும். தேய்ந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கம். தினமும் 100 ஜிபி இறக்கினாலும் பதினாறு ஆண்டு ஓடும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. சூயிங்கம் பட்டை போன்ற அதே உருவத்தில் சாட்டா டிரைவும் வருகிறது, என்விஎம்இ டிரைவும் வருகிறது. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்தாம் தலைமுறை டிரைவ் நன்றாகச் சூடாகும். சூடு மிஞ்சினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் விளையாடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஏஐ தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்; படங்களும் விளையாடி முடித்தவையும் அதிலேயே கிடக்கட்டும். கடையில் 14,000 என்று அச்சடித்த 1 டிபி பெட்டியை நீட்டினால், அதே காசுக்கு 2 டிபி நான்காம் தலைமுறை என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.