ஒரு கடலும் இரு செய்திகளும்

தலைமன்னார் முனைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரு கரையிலும் வாழ்வோர் பேசும் மொழி ஒன்றே. செய்யும் தொழிலும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ஓரிரவில் அக்கடலில் நிகழ்வது மறுநாட்காலை இவ்விரு கரைகளிலும் இருவேறு செய்திகளாக வாசிக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என்று ஆராயப் புகின், பத்திரிகையும் வானொலியும் இக்காலத்துச் சமூக ஊடகமும் ஒரு சமுதாயத்தின் பொதுவாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது ஓரளவு புலனாகும்.

செய்தி செல்லும் வழியாக மன்னார் நெடுங்காலம் விளங்கியது. இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தந்திக் கம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே மன்னார் வழியாகக் கடலடியிற் சென்றது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிற் புகைவண்டி ஏறினோர் தனுஷ்கோடியிற் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகைவண்டியிற் கொழும்பு சேர்ந்தனர். ‘போட் மெயில்’ என்று மூத்தோர் குறிப்பிடும் அப்பயணவழி மக்களோடு தபாற் பைகளையும் சுமந்தது. 1964 டிசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி அலையில் அள்ளுண்டு, அதிலிருந்தோர் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1980களில் நின்றுபோயிற்று.

இத்துணைச் செய்தி தன் நிலத்தைக் கடந்து சென்றும், மன்னார் தானே பேசும் இடமாக அமையவில்லை. 1930இல் தோன்றிய ‘வீரகேசரி’யும் 1932இல் தோன்றிய ‘தினகர’னும் கொழும்புக்குரியன, 1959இன் ‘ஈழநாடு’ம் 1985இன் ‘உதய’னும் யாழ்ப்பாணத்துக்குரியன. தீவின் செய்தி அவற்றில் வராமலில்லை. எனினும், ஊர்ச் செய்தியாளர் அனுப்பும் சில வரிகளுள் எவை அச்சேறத் தக்கன என்று துணிவோர் பேசாலையிலோ முருங்கனிலோ இருப்பவரல்லர். தன் ஊரின் வாழ்வை வேற்றூரார் தெரிந்தெடுத்த அளவிலேயே காண்பவன், நாளடைவில் தானும் அவ்வளவையே முக்கியமென எண்ணப் பழகிவிடுகின்றான்.

வானொலி இத்தூரத்தைச் சற்றுக் குறைத்தது. கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னாளில் ‘றேடியோ சிலோன்’ என்னும் பெயர் பெற்ற அந்நிலையத்தின் தமிழ்ச் சேவை தமிழகத்திலும் பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இராமேஸ்வரத்தாருக்கும் மன்னாராருக்கும் ஒருங்கே பழக்கமாயிருந்தன. இரு கரையும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்ட காலம் அது. ஆயின், அக்குரல் பெரும்பாலும் பாட்டையே கொண்டுவந்தது. ஒரு கரையாரின் வாழ்க்கையை மறுகரையார் அதனால் அதிகம் அறிந்தாரல்லர்.

போர் வந்தது. 1990இன் பின் வடபகுதியிற் பல இடங்களில் மின்சாரம் அற்றுப்போகவே, மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். அவர்கள் பெரிதும் நாடியது இலண்டனிலிருந்து வந்த பீ.பீ.சீ. தமிழோசையை. 1941இல் தொடங்கிய அத்தமிழ்ச் சேவை 2017 ஏப்பிரலிற் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தும்வரை பலருக்கு நம்பத்தக்க செவியாக இருந்தது. பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றி இலண்டன் சொல்லக் கேட்டறிய நேர்ந்த நிலைமையை இன்றைய மாணவர் எளிதில் உணரார்.

அக்காலத்திற் குரல் மற்றொரு வகையிலும் வந்தது. 1990 ஒக்டோபர் பிற்பகுதியில், மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் சில நாட்களுள் வெளியேறிவிடவேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்கள் வெறுமையாயின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 70,000 பேர் அவ்வாறு துரத்தப்பட்டனர். மன்னாரிலிருந்து சென்றோருட் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்து புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறைக்காலம் வாழ்ந்தனர். அவ்வொலிபெருக்கி பேசியதும் தமிழே. கேட்டோர் தாய்மொழியும் தமிழே. மறுமொழி கூறத்தான் வழியில்லை. அயலவரான தமிழருள்ளும் வருந்தியோர் பலர் இருந்தனர். அவ்வருத்தத்தை உரத்துச் சொல்ல அவர்களுக்கும் ஒரு பத்திரிகையோ வானொலியோ இல்லை. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் போன்றோர் பின்னர் ஆண்டுக்கணக்காக முயன்று அவ்வெளியேற்றத்தின் விவரங்களைத் திரட்டி வைத்தமையாலேயே அது இன்று வரலாறாக நிற்கின்றது. அன்றன்று எழுதப்படாத செய்தியைப் பின்னர் எழுதுவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய இரு செய்திகளுக்கு வருவோம். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடலெல்லையை வகுத்தன. தமிழகக் கரையிலோ 1960களிலிருந்தே அரசின் ஊக்கத்தோடு இழுவைப்படகுகள் பெருகிவந்தன. அவற்றின் மடி கடலின் அடித்தளத்தை வாரிச் செல்வது. இறாலோடு மீன்குஞ்சும் கடற்புல்லும் அதில் அகப்படும். தம் பக்கத்துக் கடல் வறிதாகவே அப்படகுகள் எல்லையைக் கடந்தன. போர்க்காலத்தில் வடபகுதி மீனவருக்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது; அக்காலத்தில் எல்லை கடந்த தமிழக மீனவருட் பலர் சுடப்பட்டு இறந்தனர். 2009இல் போர் முடிந்து பேசாலை, தலைமன்னார், வங்காலை முதலிய ஊரவர் மீண்டும் தொழிலுக்குச் சென்றபோது, தாம் விரித்த வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் செல்வதைக் கண்டனர். இராமேஸ்வரத்துப் படகுகள் புறப்படும் நாட்கள் திங்களும் புதனும் சனியும். அந்நாட்களில் வலை விரிப்பதா, கரையிலிருந்து பட்டினி கிடப்பதா என்பதே இக்கரையாரின் கணக்கு.

இப்பொழுது ஒரு படகு பிடிபடுகின்றது என்க. இக்கரைப் பத்திரிகை ‘இந்திய இழுவைப்படகுகள் அத்துமீறல்’ என்று தலைப்பிடும். அக்கரைப் பத்திரிகை ‘தமிழக மீனவர் சிறைபிடிப்பு’ என்று தலைப்பிடும். இரண்டும் பொய்யல்ல. பிடிபட்டோருட் பெரும்பாலார் நாட்கூலிக்குச் சென்றவர். படகுக்குரியவர் கரையில் இருப்பார். இதனை முதலாவது தலைப்பு மறைக்கின்றது. அறுந்த வலைக்குரியவனும் ஓர் ஏழைத் தமிழ் மீனவனே என்பதை இரண்டாவது தலைப்பு மறைக்கின்றது. தமிழகத்து வாசகர் பலருக்கு இப்பிணக்கு சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவருக்கும் இடைப்பட்டதாகவே இன்றும் தோன்றுவதற்கு அம்மறைவே காரணம். 2010 ஓகஸ்டில் இரு கரை மீனவரும் தமிழகத்தில் நேரிற் சந்தித்தனர். 2014இற் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினர். இழுவைத் தொழிலைக் காலவரையறை செய்து கைவிடுவதே அங்கு ஆராயப்பட்ட பொருள். நேரில் இருந்து பேசியவருக்கு மறுபக்கத்தார் யாரென்பது தெரிந்தே இருந்தது. பத்திரிகை வாசித்தவருக்குத்தான் தெரியவில்லை. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிமட்ட இழுவை மடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. அத்தடை இக்கரையிலுள்ள உள்ளூர் இழுவைப்படகுகளையும் கட்டுப்படுத்தும் என்பதை இக்கரைச் செய்திகள் மெல்லிய குரலிலேயே சொல்லும்.

பெரிய பத்திரிகையின் இக்குறைக்கு மாற்றாகச் சொல்லப்படுவது சமுதாய வானொலி. ஒரு சிற்றூர்ப் பகுதியார், தம் பேச்சு வழக்கிலேயே, இலாபம் கருதாது நடத்தும் குறைந்த சக்தியுள்ள ஒலிபரப்பு அது. வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அத்தகைய நிலையம் ஒன்று தொடங்கிற்று. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை விரிந்தது. 2016 ஓகஸ்ட் 15ஆம் நாள் மன்னாருக்கு எதிர்க்கரையான பாம்பனில் ‘கடல் ஓசை’ என்னும் நிலையம் மீனவருக்கெனவே எழுந்தது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலினத்தைப் பேணுதல், கரையோரத்துப் பாடல் ஆகியவற்றை அது மீனவர் மொழியிற் சொல்லுகின்றது. ஆயின், அந்நாட்டு விதி சமுதாய வானொலி தானாகச் செய்தி திரட்டி ஒலிபரப்புவதை அனுமதிப்பதில்லை. ஆகவே அந்நிலையம் நாளைய காற்றைச் சொல்லலாம். நேற்றைய சிறைபிடிப்பைச் சொல்லலாகாது. கரையார் மிகுதியும் அறிய விரும்புவது இவ்விரண்டையும் சேர்த்தே என்பதை விதி வகுத்தோர் கருதிலர் போலும்.

இலங்கை இத்துறையில் இந்தியாவுக்கு முந்தியது என்பது பலரும் மறந்த செய்தி. மகாவலிக் குடியேற்றங்களுக்காக 1981இலேயே சமுதாய வானொலி முயற்சி தொடங்கிற்று. 1989இல் எழுந்த கொத்மலை வானொலி, பத்தாண்டு கழித்து, நேயர் கேட்கும் வினாவுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பி உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் இவை அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கிளைகளாகவே இருந்தன. போர் நிகழ்ந்த வடக்கில் ஒரு கரையோரச் சமுதாயம் தன் சொந்த ஒலிபரப்பியை வைத்திருக்க எந்த அரசும் அக்காலத்தில் இசைந்திராது. ஒரு கருவி ஊராரின் கையில் இருப்பதன் பயனைப் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லவாடு காட்டிற்று. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் மீனவருக்கு அலையின் உயரத்தை அறிவிப்பதற்கென அங்கு ஓர் ஒலிபெருக்கியை அமைத்திருந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து ஊரவர் ஒருவர் தொலைபேசியிற் கொடுத்த எச்சரிக்கை அவ்வொலிபெருக்கியில் ஒலிக்க, ஆழிப்பேரலைக்கு முன் ஊரார் ஓடித் தப்பினர். மன்னாரில் 1990இல் ஒலித்ததும் ஒலிபெருக்கியே.

மன்னாரில் வெறுமையாயிருந்த இவ்விடத்தைச் சமூக ஊடகம் நிரப்பியது. கைத்தொலைபேசி உடையோர் யாவரும் செய்தியாளராயினர். இதன் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட ‘தம்பபவனி’ மின்நிலையம் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் எழுவதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் மக்கள் வீதியில் இருந்தபோது, அவர்தம் படங்களும் பேச்சுகளும் முகநூல் வழியாகக் கொழும்பையும் கடல் கடந்த தமிழரையும் அன்றன்றே அடைந்தன. வெள்ளநீர் வடியாமை, வலசைப் பறவைகளின் வழி, மீன்பாடு முதலிய காரியங்களைத் தீவினரே தம் வாயாற் கூறினர். அம்மாதத்தில் சனாதிபதி அத்திட்டத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸார் காவலுடன் காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது நிகழ்ந்த கைகலப்பும் அவ்வாறே அவ்விரவிலேயே உலகறிந்தது. முன்னொரு காலமாயின் அது மூன்றாம் பக்கத்து நான்கு வரியாகவே முடிந்திருக்கும்.

இதே ஊடகத்தின் மறுபக்கத்தையும் மன்னார் கண்டது. 2018 மார்ச்சில், நகர நுழைவாயிலிற் சதொசக் கட்டடத்துக்கு நிலம் அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுட் சிறுவருடையனவும் இருந்தன. ஒவ்வொரு நாளின் படமும் அன்றே பரவிற்று. படத்தோடு, இவை போரிற் காணாமற் போனோருடையவை என்னும் துணிபும் பரவிற்று. மகனையோ கணவனையோ தேடும் ஒரு பெண் அதனை நம்பியதிற் குற்றமில்லை. நம்புவதற்கு அவளுக்குக் காரணங்கள் இருந்தன. 2019இல், அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனை, அனுப்பப்பட்ட மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டனவெனக் கூறிற்று. உடனே ஒரு சாரார் காணாமற் போனோர் பற்றிய முறைப்பாடு முழுவதுமே பொய்யென எள்ளினர்; மறுசாரார் அறிக்கையே பொய்யென்றனர். சில மாதிரிகளின் முடிவு முழுப் புதைகுழிக்கும் பொருந்துமா, மேலும் எவ்வகை ஆய்வு வேண்டும் என்னும் வினாக்களை நின்று விளக்க ஆள் வேண்டியிருந்தது. பத்திரிகையாயின் திருத்தம் வெளியிடும் பொறுப்பு ஓர் ஆசிரியருக்கு உண்டு. முகநூலில் முதல் நாட் படத்தைப் பகிர்ந்தவனை இரண்டாம் நாள் எங்கே தேடுவது?

அரசுகள் இதற்குக் கண்ட மருந்து தடை. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை மூண்டபோது சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எது பொய் என்று துணியும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்கிற்று. வதந்தியை அஞ்சுவது நியாயமே. ஆயினும், அரசு தானே உண்மையை உரிய மொழியில் உரிய காலத்திற் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடம் குறைந்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ப் புயல் இலங்கையிற் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கிற்று. அப்பொழுது எச்சரிக்கைகள் தமிழிற் போதிய அளவிலும் வேளையிலும் வரவில்லை என்ற முறைப்பாடு பல பக்கங்களிலிருந்தும் எழுந்தது. அருவியாறு பெருகிவரும் இரவில், நானாட்டானில் உள்ள உழவன் ஒருவன் சிங்கள அறிக்கையைப் பிறர் மொழிபெயர்த்துப் பகிரும்வரை கைத்தொலைபேசியைப் பார்த்திருக்க வேண்டுமாயின், அவ்வறிக்கை அவனுக்கென எழுதப்பட்டதன்று.

அத்தகைய இரவில் வேண்டப்படுவது மிகச் சிறிது. மடுவிலும் தந்திரிமலையிலும் ஆற்றின் மட்டம் யாது, எந்த வீதி மூடப்பட்டது, எந்தப் பாடசாலை திறந்திருக்கின்றது என்று, தாராபுரத்தாரும் வங்காலையாரும் குரலை வைத்தே இன்னார் என அறியும் ஒருவர், மணிக்கொருதரம் தமிழிற் சொன்னாற் போதும்.