முதல் இணையப் பக்கம்: நிலைத்து நிற்கும் தளத்திற்கு ஓர் அறிமுகம்

மொழி பற்றிய பொழிவுகள் முடிந்ததும் மூத்தோர் சிலர் தனியே வந்து கேட்பதுண்டு: “ஐயா, பல ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதை இணையத்தில் ஏற்ற முடியுமா? எனக்குக் கணினி நுட்பம் ஒன்றும் தெரியாதே.” ஒருவரிடம் பழைய நாணயங்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கும், மற்றொருவரிடம் தம் ஊர்ச் சொற்கள் இருக்கும். அவர்களுக்கு நான் கூறும் விடையின் விரிவே இக்கட்டுரை. ஏற்றலாம், ஆனால் தளத்தை அழகுபடுத்தக் கற்பதற்கு முன், அது நிலைத்து நிற்குமாறு அமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதனை நான் இழப்பின் வழியே அறிந்தேன். ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். இரப்பரைக் ‘கித்தா’ என்றும், காலையுணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்றும், தாயர் வேலைக்குச் சென்றிருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை ‘ஆயாக்கொட்டகை’ என்றும் வழங்கிய மக்களிடையே வளர்ந்தேன். 1990களின் இறுதியில், என் தாயார் சொல்லச் சொல்ல இத்தகைய சொற்களைத் தொகுத்து, இலவசமாக இடம் தந்த சேவை ஒன்றில் ஒரு தளம் அமைத்தேன். சில ஆண்டுகளில் அச்சேவை நிறுத்தப்பட்டது. வட்டில் எஞ்சியிருந்த கோப்புகளைத் திறந்தபோது பொருளற்ற குறிகளே தோன்றின. நான் பயன்படுத்திய எழுத்துரு எதுவென்பதும் நினைவில் இல்லை. பாதிச் சொற்களையே மீட்க முடிந்தது. மறுபாதியைக் கேட்டுப் பெறத் தாயார் அப்போது உயிருடன் இல்லை.

இணையத்தளம் என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை: கோப்பு, இடம், முகவரி. நாம் எழுதுவது கோப்பு. அதனை இராப்பகலாக இணையத்துடன் இணைந்திருக்கும் வழங்கிக் கணினியில் வைப்பது இடம். படிப்போர் அங்கு வந்து சேர உதவும் பெயர் முகவரி. இவற்றுள் கோப்பு மட்டுமே முழுமையாக நம்முடையது. இடமும் முகவரியும் பிறரிடம் பெறுபவை. என்றேனும் கைவிட்டுப் போகக்கூடியவை. என் முதற்பிழை, இடத்தைக் கோப்பின் காப்பகமாக நம்பியது.

கோப்பை எழுதுவது எளிது. கணினியில் உள்ள சாதாரண உரைத்தொகுப்பி போதும். இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. இணையப் பக்கங்கள் எச்டிஎம்எல் எனப்படும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று. தொடரின் எப்பகுதி எழுவாய், எப்பகுதி பயனிலை என்று நாம் அடையாளமிடுவது போல, உரையின் எப்பகுதி தலைப்பு, எப்பகுதி பத்தி என்று அடையாளமிடுவதே இதன் பணி. கூர் அடைப்புக்குறிக்குள் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் பத்தி தொடங்கும். அவ்வெழுத்தின் முன் சாய்கோடு சேர்த்து மீண்டும் இட்டால் பத்தி முடியும். தலைப்பு, பத்தி, பட்டியல், படம், இணைப்பு ஆகிய ஐந்திற்குரிய குறிகளைக் கற்றாலே முதல் பக்கத்தை முடித்துவிடலாம். கோப்பின் பெயரை இடைவெளியில்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமைப்பது நன்று. முதற்பக்கத்திற்கு ‘இண்டெக்ஸ்’ என்று பெயரிடுவது வழக்கம். சேமித்த கோப்பை உலாவியில் திறந்தால் உங்கள் பக்கம் உங்கள் மேசையிலேயே தெரியும்.

தமிழில் எழுதுவோர் சற்று நின்று கவனிக்க வேண்டியது எழுத்துக் குறியேற்றம். 1995இல் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் இந்நாட்டுத் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அந்த முன்னோடிக் காலத்தில் எல்லாரும் ஏற்ற ஒரே குறியேற்றம் நடைமுறையில் இல்லை. திஸ்கி, தாம், தாப் எனப் பலவும், தனித்தனி எழுத்துருக்களுக்கு உரியவையும் வழங்கின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் சிதைந்து தோன்றியது. என் கோப்புகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

இன்று ஒருங்குறி இச்சிக்கலைத் தீர்த்துள்ளது. ‘கொட்டகை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய முறைகள் பலவற்றில் முதலெழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககர மெய்யேறிய எழுத்து முதலிலும், ஒகரக் குறி அடுத்தும் வருகின்றன. அதாவது, ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசை. ஆகவே தேடலும் அகரவரிசைப்படுத்தலும் எளிதாகின்றன. கோப்பைச் சேமிக்கும்போது ‘யுடிஎஃப்-8’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனையே அறிவியுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்தால், திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்றோர்க்குச் சரியான குரல் கிடைக்க அது துணைபுரியும்.

இன்னும் இரு எச்சரிக்கைகள். ‘ஔவை’ என்பதில் ஔகாரத்தை ஒற்றை எழுத்தாகத் தட்டச்சிட வேண்டும். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும், தேடுபவர்க்கோ அகப்படாது. அவ்வாறே, எழுத்துகளைப் படமாக மாற்றி ஏற்றுவதைத் தவிருங்கள். படத்திலுள்ள சொல்லைப் பிறர் படியெடுத்து ஆள்வதும் எளிதன்று.

கோப்பு ஆயத்தமானால் இடம் தேடலாம். கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்றவை சிறு தளங்களுக்கு இலவச இடம் தருகின்றன. சொந்த முகவரி வேண்டுமாயின் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழிலேயே முடியும் முகவரி வகையும் உண்டு. இடம் எதுவாயினும் கோப்புகளின் ஒரு படி உங்கள் கணினியிலும், மற்றொரு படி வேறொரு வன்தட்டிலும் இருக்கட்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இந்நாட்டு இணையத்தளங்களைச் சேகரித்துக் காக்கிறது; தளங்களைப் பொதுமக்களும் பரிந்துரைக்கலாம். பிறர் சொன்ன செய்தியையோ பிறர் படத்தையோ வெளியிடுமுன் அவர்தம் இசைவைப் பெறுவது நம் கடமை.

தொடங்குவோர் பலர் பெருந்திட்டம் தீட்டி இடையில் சோர்ந்துவிடுகின்றனர். நானூறு சொற்கள் வேண்டா. பத்துச் சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அது வழங்கிய ஊர், சொன்னவரின் தலைமுறை, ஓர் எடுத்துக்காட்டுத் தொடர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அதுவே முழுமையான ஒரு பக்கம். அடுத்த மாதம் இன்னொரு பத்து.

நான் மீட்ட பாதிச் சொற்கள் இப்போது ஒருங்குறியில் உள்ளன. மூன்று இடங்களில் படிகள் உள்ளன. மறுபாதியை அறிந்தவர் எவரேனும் இன்னும் இருக்கக்கூடும். அவரிடம் கேட்டு எழுத வேண்டிய காலம் இது. எழுதியதைக் காக்கும் முறையோ இன்று நம் கைக்கு எட்டியதாகவே உள்ளது.