நான்கு சாக்ஸபோன்களில் காற்று

காற்றுக்கென்று தனி ஓசை கிடையாது. கம்பி, இலை, சன்னல் இடுக்கு என எதிலாவது உரசினால்தான் அது ஒலிக்கும். கம்பியைக் கடக்கும் காற்று அதன் மறுபுறம் இடமும் வலமுமாகச் சுழல்களை உதிர்க்கிறது. நமக்கு ஊளையாகக் கேட்பது அதுதான். செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹல் 1878இல் இதற்கு ஒரு கணக்குக் கண்டார். வேகம் கூடினால் சுருதி ஏறும், கம்பி தடித்தால் இறங்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 4 மில்லிமீட்டர் கம்பியில் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸில் பாடும். வேகம் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும்.

பலவகைக் காற்றுகளை சாக்ஸபோன் நால்வர் குழுவுக்கு இசையாக்குபவர் இந்தக் கணக்கை அப்படியே எடுத்தாளலாம். அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியின் குழாய் கூம்பு வடிவம். அதனால் விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கட்டைவிரல் சாவி ஒன்றை அழுத்தினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி தாவும். திடீரென வேகம் பிடிக்கும் காற்றுக்கு இதைவிட இயல்பான வழி இல்லை.

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்பதே வழக்கமான நால்வர் அமைப்பு. சாக்ஸின் நண்பர் சிங்கெலே 1857இலேயே இதற்கு இசை எழுதிவிட்டார். ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ் இதற்கு எழுதிய புகழ்பெற்ற படைப்பு 1932இல் வந்தது.

நாகஸ்வரத்துக்கு இரட்டைச் சீவாளி; சாக்ஸபோனுக்கு ஒற்றை. அதற்கான நாணலுக்குப் பேர்போன தென் பிரான்சின் வார் பகுதியே மிஸ்ட்ரல் என்ற வறண்ட வடகாற்று வீசும் நிலம். மூச்சின் இரைச்சல் வெளியே தெரியாமல் ஸ்வரம் மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காகவே வாசிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். காற்றைப் பற்றிய இசையிலோ மறைத்த அந்த மூச்சையே வெளியே விட வேண்டியிருக்கிறது. உதடுகளைத் தளர்த்தினால் சீவாளி அதிராது. வெறும் மூச்சு குழாய்க்குள் ஓடும். அந்த இரைச்சலுக்குக் குழாயின் நீளம் நிறம் கொடுக்கிறது. பாரிடோனில் துளைகளையெல்லாம் மூடினால் கனத்த உறுமல், சோப்ரானோவில் மெல்லிய சீறல். ஊதாமல் சாவிகளை மட்டும் தட்டினால் சருகுகள் உருளும். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்ற மூவர் தொடர்வதால் காற்று அறுவதில்லை.

புயலை எழுதுவது சுலபம் என்றே நினைக்கிறேன். உரத்து, விரைந்து வாசித்தால் பாதிப் புயல் வந்துவிடும். இளங்காற்றுதான் கடினம். கூம்புக் குழாயில் அடி ஸ்வரங்களை மென்மையாக எழுப்புவது எவருக்கும் சோதனை. ஜாஸ் கலைஞர் பென் வெப்ஸ்டர் தம் டெனரில், பாதி மூச்சும் பாதி ஸ்வரமுமாக, அதைச் சாதித்துக் காட்டினார். இளங்காற்றை எழுத உட்காருபவர் முதலில் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்க வேண்டும்.